பாத்திமுத்துவும் நிலா ஜெயிலும்

வில்லியனூர் சுல்தான்பேட்டையில் மெத்தைக்கடை பாய் என்றால் கௌஸ் பாஷாதான். அவர் சம்சாரம் பாத்திமுத்து மடுகரைக்காரி. மடுகரையில் பருத்திக்கொட்டை வியாபாரம் பண்ணினவரின் கடைசி மகள். அந்த வியாபாரியும் கௌஸ் பாஷாவின் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். ஆக, பாத்திமுத்து கட்டிக்கொண்டது அத்தை மகனைத்தான். சின்ன வயதில் வேப்பமரத்திலிருந்து விழுந்ததில் அவருக்கு இடது கால் இழுக்கும். பெண் கேட்டு வந்தபோது, "கால் சரியில்லாதவனுக்கா குடுக்கப்போற?" என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த பாத்திமுத்து, "காலா குடும்பம் நடத்தப்போவுது?" என்றாளாம். இரண்டு வீட்டிலும் கல்யாணத்துக்குக் கல்யாணம் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவர்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி, மூடிக்கிடக்கிற அரிசி ஆலையின் கிடங்கு இருக்கிறது. கதிரவன் படம் எடுத்தது அதில்தான். உரக்கடை சுப்பராயலுவின் மகன் அவன். இன்ஜினியரிங் முடித்துவிட்டுக் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். நிலாவில் ஒரு ஜெயில் கட்டியிருக்கிறார்கள், பூமியிலிருந்து கைதிகளைக் கொண்டுபோய் அடைக்கிறார்கள், அவர்கள் தப்பிக்கப் பார்க்கிறார்கள். கதை அவ்வளவுதான். "நிலா ஜெயில்" என்று பேர் வைத்தான். ஜெயிலுக்குச் சுவர் வேண்டுமே? கௌஸ் பாஷா கடையிலிருந்து பழைய ஃபோம் மெத்தைகளை வாங்கி நிறுத்தி, பிரியாணி கட்டுகிற வெள்ளித்தாளை அதன்மேல் ஒட்டினார்கள்.

மெத்தைகளை இறக்கிவிட்டு, மூச்சு வாங்க ஓரமாய் உட்கார்ந்திருந்த பாய் கேமராவில் தெரிந்தார். கதிரவன், "எழுந்துறாதீங்க பாய். அப்படியே இருங்க" என்றான். வெள்ளிக் கோட்டு ஒன்றை மாட்டிவிட்டார்கள். கிழட்டுக் கைதி ஆகிவிட்டார். நடக்கிற காட்சி மட்டும் வேண்டாம், ஊர் சிரிக்கும் என்று அவரே சொல்லிவிட்டதால், படம் முழுக்க உட்கார்ந்தேதான் இருப்பார். கடைசியில் தப்பித்தவர்கள் எல்லாரும் பிடிபட்டுத் திரும்பி வருவார்கள். அப்போது பாய் தலையைத் தூக்கிப் பார்த்து, "அடுத்த தபா நானும் வருவேன்டா" என்பார். படம் முடிந்துவிடும்.

யூடியூபில் ஏற்றினார்கள். வில்லியனூர், பாகூர், திருக்கனூர் எல்லாம் பார்த்தது. கடைக்குத் தலையணை வாங்க வருகிறவர்கள்கூட, "இன்னா பாய், எப்ப வெளிய வர்ற?" என்று கேட்டார்கள்.

"ரெண்டாம் பாகத்துல" என்பார் பாய். முகத்தில் சிரிப்பே இருக்காது.

பக்கத்து டீக்கடை வேணு அவருக்குப் பால்ய சிநேகிதம். பாயின் குரலை அச்சாகப் பேசிக்காட்டுவான். "பாயம்மா சமையலுக்கு நிலா ஜெயில் களியே தேவலாம்" என்று பாயின் குரலிலேயே சொல்லி, கடையில் இருப்பவர்களைச் சிரிக்கவைப்பான். பாத்திமுத்து உள்ளேயிருந்து, "அப்ப ரெண்டு பேரும் அங்கயே போய்த் துன்னுங்க" என்பாள்.

இரண்டாம் பாகம் எடுப்பதாகக் கதிரவன் சொன்ன அன்று பாய் வீட்டுக்கு வந்து வெள்ளிக் கோட்டைத் துவைக்கச் சொன்னார். "இந்த தபா நடக்கறேன் பாத்திமுத்து" என்றார். "கால் இழுத்தா இழுத்துட்டுப் போவட்டும். அம்மாங்காலம் ஜெயில்ல இருந்தவன் நேரா நடப்பானா?" வீட்டுக்கும் கிடங்குக்கும் நடுவே நடந்து நடந்து பார்த்தார். அவர் வெளியே வரப்போகிறார் என்று பாத்திமுத்து மடுகரைக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள்.

படப்பிடிப்பு தொடங்குவதற்குள் நெஞ்சுவலி வந்துவிட்டது. பிள்ளையார்குப்பத்து ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தவர், "கதிரவன் கிட்ட சொல்லு, வேற ஆள போட்றப்போறான்" என்றார். அவர் கடைசியாகப் பேசினது அதுதான்.

பாத்திமுத்து இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, நெருங்கிய ரத்த சொந்தமில்லாத ஆண்கள் முகம் பார்க்கக்கூடாது. வெள்ளைச் சேலையோடு உள்ளறையில் இருந்தாள். மகன் ரிஃபாத் ஷார்ஜாவுக்குத் திரும்பிப் போய்விட்டான். கூட இருந்தது மருமகள் ஷைஸ்தா மட்டும்.

ஒருநாள் முற்பகல் பின்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாயின் குரல் கேட்டது.

"யாருடா அங்க? இன்னும் உசுரோட கீறீங்களா?"

பாத்திமுத்து ஓதிக்கொண்டிருந்த தஸ்பீஹ் மணிமாலை கீழே விழுந்தது. ஷைஸ்தா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். "மாமி, அது மாமா இல்ல. வேணு மாமா பேசறாரு. படத்துக்குக் குரல் குடுக்கறாங்களாம்."

"எந்தப் படத்துக்கு?"

ஷைஸ்தா விசாரித்து வந்து சொன்னாள். பழைய படத்தில் எடுத்து மிச்சமிருந்த காட்சிகளை வைத்து, மாமாவை இரண்டாம் பாகத்திலும் கொண்டுவருகிறார்களாம். குரல் வேணுவுடையது. முதல் பத்து நிமிஷத்தில் காவல் ரோபோ சுட்டுக் கிழட்டுக் கைதி செத்துப்போகிறாராம்.

"அந்தப் பையன வரச் சொல்லு" என்றாள் பாத்திமுத்து.

கதிரவன் வந்தான். உள்ளறை வாசலில் திரை தொங்கியது. அவன் கூடத்தில் நின்றான். அவள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்பா, ஒரு தபா மௌத்தானது போதாதா அவருக்கு?"

"பாயம்மா, அவரு இல்லாம கதைய நடத்த முடியல. சாகடிச்சாதான்..."

"வெளிய வருவேன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தாருப்பா. வெளிய வுட்டுடேன். சும்மா அப்படி வெளிய போற மாரி."

"எங்கிட்ட அவரு உக்காந்திருக்கறது மட்டும்தான் கீது. எழுந்திரிச்சி நிக்கற மாரிகூட ஒண்ணு இல்ல. எல்லாமே உள்ளதான். ஒரு காட்சியாவது வெளிய எடுத்திருந்தா எதனா பண்ணியிருப்பேன்."

பாத்திமுத்து போனைத் திரைக்கு அடியில் தள்ளினாள். வீராம்பட்டினம் தேரோட்டத்தில் தலையணை விற்கப் போனபோது ரிஃபாத் எடுத்த வீடியோ. கூட்டத்துக்குள் பாய் முதுகைக் காட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்துப் போகிறார். கதிரவன் இரண்டு முறை பார்த்தான்.

"லுங்கி கட்டிக்கினு கீறாரும்மா. சுத்திலும் ஜனம், பலூன்காரன். நிலாவுல எப்படிம்மா?" என்றான். சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போதுதான் அவளுக்குக் கோட்டு ஞாபகம் வந்தது. பீரோவிலிருந்து எடுத்துவரச் சொன்னாள். துவைத்து மடித்தபடி இருந்தது. "யாராச்சும் இதப் போட்டுக்கினு, முதுக மட்டும் காட்டி வெளிய போவட்டும். முகம் தெரிய வேணாம்."

இது நடக்கும் என்று கதிரவனுக்கும் பட்டது. வேணுவை அழைத்தார்கள். ஊரில் பாயின் நடையை அறிந்தவன் அவனைப்போல வேறு யார்?

மறுநாள் கிடங்கு முற்றத்தில் எடுத்தார்கள். சமையலறை ஜன்னலின் பலகையைக் கொஞ்சமாக ஒதுக்கினால் முற்றம் தெரியும். பார்க்கலாமா கூடாதா என்று பாத்திமுத்து தடுமாறினாள். கடைசியில் ஷைஸ்தாவைப் பார்க்கச் சொல்லிவிட்டு, தான் சுவரில் காது வைத்து நின்றாள்.

வேணு கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தான். ஆள் நெட்டை, கோட்டுக் கை மணிக்கட்டுக்கு மேலே நின்றது. இடது காலை இழுத்தான். கூட இருந்தவர்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். "சிரிக்காதீங்கடா" என்று வேணு அதட்டினான். திரும்ப நடந்தான். இந்த முறை அவன் இழுத்தது வலது கால். இன்னும் பெரிய சிரிப்பு எழுந்தது. வேணுவின் குரல் மட்டும் கம்மிப்போய்க் கேட்டது. "எனக்கு வரலடா. அவன் நட எனக்கு வரல."

"எப்படி கீதுடி?" என்று பாத்திமுத்து கேட்டாள்.

ஷைஸ்தா பலகையைச் சாத்தினாள். "மாமா மாதிரி இல்ல மாமி."

ஊர் சிரிக்கும் என்று அவர் பயந்தது பாத்திமுத்துவுக்கு நினைவு வந்தது. அவர் உயிரோடு இருந்தவரை அந்த நடையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. இப்போது சிரிக்கிறார்கள். அதுவும் அவள் கேட்டுக்கொண்டதனால் சிரிக்கிறார்கள்.

"நிறுத்தச் சொல்லிடு" என்றாள். "நடக்க வேணாம். சாகடிக்கவும் வேணாம்னு சொல்லு. அவ்ளோதான் நான் கேக்கறது."

கதிரவன் சரி என்று சொல்லி அனுப்பினான்.

இத்தா முடிந்தது. பாத்திமுத்து தலைக்கு ஊற்றிக்கொண்டு வெளியே வந்த வாரத்தில், கிடங்கிலேயே திரை கட்டிப் படம் போட்டார்கள். சாயங்காலத் தொழுகை முடித்து ஷைஸ்தாவோடு போனாள். சுப்பராயலு எழுந்து நாற்காலி கொடுத்தார்.

பாய் திரையில் வந்தார். அதே வெள்ளித்தாள் சுவர், அதே உட்கார்ந்த இடம். வேணுவின் குரலில் பேசினார். கைதிகள் சுவரைத் துளைத்தார்கள், ரோபோவின் கண்ணைப் பிடுங்கினார்கள், கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கடைசியாகப் பாயின் கதவும் திறந்தது. ஒருவன் வாசலில் நின்று, "வா பெரியவரே" என்று கூப்பிட்டான்.

பாத்திமுத்து முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பாய் தலையைத் தூக்கிப் பார்த்தார். முதல் பாகத்தில் பார்த்தாரே, அதே பார்வை. "நீங்க போங்கடா. எனக்குக் கால் வலிக்குது" என்றது வேணுவின் குரல். அவர்கள் ஓடினார்கள். ராக்கெட் கிளம்பியது. கீழே ஜெயில் கதவு தானாக மூடிக்கொண்டது.

அதன்பிறகும் படம் ஓடியது. பூமியில் வந்து இறங்கினார்கள், அழுதார்கள், ஒரு பாட்டு வந்தது. ஒவ்வொரு முகமாக அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். விளக்குப் போட்டார்கள்.

வேணு கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "துவைச்சிட்டேன் தங்கச்சி" என்றான். கதிரவன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"நீங்க சொன்ன மாரியே சாகடிக்கலம்மா."

"ஆமாம்பா. பாத்தேன்." கோட்டை மடியில் வைத்துத் தடவினாள். "அந்தக் கதவு மூடுதே, அத மட்டும் எடுத்துட முடியுமா? தொறந்தே இருக்கட்டுமே."

கதிரவன் கையிலிருந்த போனைப் பார்த்தான். "மத்தியானமே ஏத்தியாச்சும்மா. இதுக்குள்ள ஜனங்க நெறைய பேர் பாத்துட்டாங்க."

"அப்படியா" என்றாள் பாத்திமுத்து. ஷைஸ்தா கை கொடுக்க, எழுந்து நடந்தாள். பின்னால் பையன்கள் வெள்ளித்தாள் சுவர்களைப் பிரித்து மெத்தைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.