விரிசலுக்கு வைத்த காவல்

நேற்று நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் சுவரில் மொசைக் மயில் ஒட்டிக்கொண்டிருந்தேன். வெளியே மழை. கழுத்துக்கு வைத்த நீலத் துண்டு ‘டிக்’கென்று வெடித்தது. மறுகணம் நான் வாசலுக்கு வெளியே, சீமெந்துக் கரண்டியோடு நனைந்துகொண்டு நிற்கிறேன். கூட வேலை செய்யும் செல்விக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “என்னங்கக்கா, ஒரு டைல்தானே ஒடைஞ்சிச்சு?” நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஈரச் சீமெந்து வாசனை வந்தாலே நான் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளுக்கு, எங்கள் லயத்துக்குப் போய்விடுவேன். எங்கள் ஒற்றையறைக் காம்பராவின் பின்சுவரில் கூரையிலிருந்து தரைவரை ஒரு விரிசல். மண்சரிவு பார்க்க வந்த ஐயா ஒருவர் அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, இது வெடித்தால் மலை நகருகிறது, ஓடிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்தில் வேறு வீடு கேட்டும் கிடைக்கவில்லை. ஒற்றைத் துண்டை நம்பி எப்படி இருப்பது? அம்மா தன் பங்குக்கு உடைந்த பீங்கான் தட்டு, முகம் பார்க்கும் கண்ணாடி, கல்யாண வளையல் என்று விரிசல் நெடுகச் சீமெந்து வைத்து ஒட்டினாள். வருகிறவர்கள் அழகு என்பார்கள். நானோ எது வெடித்திருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அம்மா ஒவ்வொரு துண்டாகத் தடவிப் பார்ப்பாள்.

“வெடிச்சா தம்பியத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்கு ஓடிரு. என்னையத் தேடிக்கிட்டு நிக்காத, வெளங்குச்சா?”

அப்புறம் காவல் நான்தான். சுவரைப் பார்த்தபடியே சோறு தின்பேன். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது, நடுவில் எவ்வளவு இடைவெளி, எல்லாமே பயத்தில் படித்த படிப்பு.

ஒரு மழைப் பகலில் கண்ணாடி வெடித்தது. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாகக் கத்தியபடி ஓடினேன். லயமே பின்னால் ஓடி வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம், ஸ்கூல் வராந்தாவில் நின்று திரும்பிப் பார்த்தால், கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து ஒருத்தி லயத்தை நோக்கி ஓடுகிறாள். என் அம்மா! எங்களைத் தேடுகிறாள். கத்துகிறேன், மழையில் அவளுக்குக் கேட்கவில்லை. காம்பராவுக்குள் போனாள், வந்தாள், பக்கத்து வாசலிலும் எட்டிப் பார்த்தாள். பிறகுதான் எங்கள் பக்கம் ஓடி வந்தாள். ஓடையைத் தாண்டியதும் மலை இறங்கியது. லயம் இருந்த இடத்தில் வெறும் சேறு.

வந்ததும் என் முதுகில் ஓர் அடி வைத்தாள். “சொன்னேன்னு அப்புடியே ஓடிட்டியாடி!”

“தேடாதன்னு சொன்ன நீ மட்டும் ஏம்மா தேடுன?”

“நான் தேடாம வேற எவடி தேடுவா?” என்று எங்களைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பிற்பாடு கிடைத்த வீட்டில் விரிசலே இல்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. சேற்றில் பொறுக்கி வந்த துண்டுகளைச் சுவர் நெடுக ஒட்டினேன். நான் காவலுக்கு ஒட்டினேன், ஸ்கூல் சித்திர டீச்சரோ அதைப் பார்த்துப் படம் என்றார். இன்றுவரை பிழைப்பு அதில்தான் ஓடுகிறது.

லயம் இருந்த இடத்தில் இப்போது மானாப்புல். அது போனதற்கு நான் அழமாட்டேன், தொலைந்தது சனியன். போன வருடம் அம்மா சாதாரணக் காய்ச்சலில் போய்விட்டாள். பயந்து ஓடுவது மட்டும் நிற்கவில்லை. எங்கே ஓடினேன் என்று தேடி வரத்தான் யாருமில்லை.