சும்மா இருந்த 538 நிமிடம்

ஜூன் 10 – 5 நிமிடம்.
ஜூன் 11 – 5 நிமிடம்.
ஜூன் 12 – 3 நிமிடம் (ஒருவருக்கு விடாத இருமல்).
நவம்பர் 29 வரை, 108 நாளில் மொத்தம் – 538 நிமிடம்.

இவை ஏழாம் வகுப்புப் பாடக்குறிப்பேட்டில் உள்ளவை. பூகோள டீச்சர் தினமும் முதல் பாடவேளையில், புத்தகத்தைத் திறக்கும் முன், பிள்ளைகளைக் கண்மூடி உட்காரச் சொல்வார். காற்று எந்தப் பக்கம், வெயில் எந்தப் பக்கம், லாரிச் சத்தம் எங்கிருந்து எங்கே போகிறது என்று கவனிக்க வேண்டும், பேசக் கூடாது. பிறகுதான் பாடம். பொய் எழுதிப் பழக்கமில்லாதவர் ஆதலால், 'செய்த வேலை' என்ற கட்டத்தில் நாள் தவறாமல் 'சும்மா இருந்தோம்' என்று எழுதிவந்தார்.

தலைமையாசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, 'கூர்ந்து நோக்கும் பயிற்சி'ன்னு எழுதியிருந்தா யாராவது வாயைத் திறந்திருப்பாங்களா?"

"கண்ணை மூடிக்கிட்டு எப்படி சார் நோக்கறது?"

கல்வி அலுவலகம் கூட்டிப் பார்த்தது. நாற்பது நிமிடக் கணக்கில் பதின்மூன்று பாடவேளையும் பதினெட்டு நிமிடமும் வீண். பூகோளத்தை எடுத்துவிட்டுத் தையல் வகுப்பைக் கொடுக்க உத்தேசம் என்று டிசம்பர் 2 அன்று கடிதம் வந்தது. டீச்சருக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. அன்று அவர் சாப்பிடவில்லை.

வீட்டுக்காரர் தேற்றினார்: "விடு, என் சட்டைக்குப் பட்டனாவது வந்து சேரும்."

டிசம்பர் 6 காலை ஆய்வாளர் தலைமையாசிரியரோடு வகுப்புக்கு வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிடமும் காத்திருந்தார். பிறகு முன்வரிசைப் பெண்ணை எழுப்பினார்.

"சும்மா இருந்து என்னம்மா கண்டுபிடிச்சே?"

"இடது கன்னத்துல வெயில் சார். காலை வெயில்னா அது கிழக்கு. அப்ப நாங்க பாத்து உட்கார்ந்திருக்கிறது தெற்கு."

கரும்பலகைக்கு மேல் கொட்டை எழுத்தில் 'வடக்கு' என்றிருந்தது. பதினோரு வருடமாக இருந்தது. அதைக் காட்டித்தான் டீச்சர் திசை நடத்திவந்தார்.

"இத்தனை நாள் ஏன் சொல்லலே?"

"பேசக் கூடாதுன்னாங்க சார்."

"சரி, இதை எழுதினது யாரு?"

"பெயிண்டர்," என்றார் தலைமையாசிரியர். பிறகு அவரே, "தேசப்படத்துல மேலே வடக்குன்னு நான்தான் சொன்னேன். அவன் மேலே எழுதிட்டான்."

ஆய்வாளர் டீச்சரிடம் திரும்பினார். "பதினோரு வருஷமா நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"பாடம் நடத்தினேன் சார். இந்த ஜூன்லதான் சும்மா இருக்க ஆரம்பிச்சேன்."

ஆய்வாளர் அதை ஓர் எழுத்து விடாமல் குறித்துக்கொண்டு போனார். பூகோளம் டீச்சரிடமே இருக்கலாம், ஐந்து நிமிடமும் தொடரலாம் என்ற கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது ஜனவரி 17, வெள்ளிக்கிழமை.