லெட்டிஸ் எழுந்த ஞாயிறு

எங்கள் பள்ளத்தாக்கில் குவேக்கர் கிறிஸ்தவர்களின் சபை என்றால் பதினேழு பேர், நான்கு வரிசை பெஞ்சு, ஒரு நிலக்கரி அடுப்பு. பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை. ஞாயிறு பத்தரைக்கு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் மௌனம். உள்ளே ஏதாவது உந்தினால் யாரும் எழுந்து பேசலாம். மூப்பர் பக்கத்தில் இருப்பவரிடம் கையை நீட்டிக் குலுக்கிவிட்டால் கூட்டம் முடிந்தது.

முப்பது வருடமாகக் கையை நீட்டியவர் ஆம்புரோஸ் ஐரி. சாந்து இல்லாமல் கல்மதில் அடுக்குகிறவர். எங்களுக்குள் பட்டங்கள் கிடையாது. நண்டு சிண்டுகள்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கொடுத்தவர் அவர் மனைவி லெட்டிஸ். வீட்டில் லெட்டிஸுக்கு வாய் ஓயாது. கூட்டத்தில் நாற்பத்தாறு வருடமாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

அறுபத்தெட்டு மார்ச்சில் ஒரு ஞாயிறு. நான் எதிர் பெஞ்சில் இருந்தேன். லெட்டிஸ் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்தார். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆம்புரோஸ் அதே சமயம் கையை நீட்டினார். லெட்டிஸ் ஒரு கணம் பார்த்துவிட்டுக் குலுக்கினார். கூட்டம் முடிந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது நானும் கூடப் போனேன்.

"நான் கைய நீட்டும்போது நீ ஏன் நின்னுக்கிட்டிருந்த?" என்றார் ஆம்புரோஸ்.

"பேச எந்திரிச்சேன்."

அவர் நின்றுவிட்டார். "அப்ப இப்பச் சொல்லு."

"உங்கிட்டச் சொல்ல வந்ததில்ல. அங்க சொல்ல வந்தது. போயிடுச்சு."

"நான் பாட்டுக்குக் கைய நீட்டிட்டேனே, லெட்டிஸ்."

"நீட்டினது நீ. குடுத்தது நான்தானே? நட, மழை வருது."

அடுத்த ஞாயிறு பதினொன்றரை ஆயிற்று. ஆம்புரோஸ் கையை நீட்டவில்லை. பன்னிரண்டு. பன்னிரண்டரை. கடைசியில் ஒரு குழந்தை அழ, எல்லோரும் தாமாகவே எழுந்து போனோம். வாசலில் பால்பண்ணை பெல்லா அவரை மடக்கினாள்.

"ஆம்புரோஸ், கடிகாரம் ஓடலையா, இல்ல உனக்குக் கை வெளங்கலையா? அடுப்புல வச்ச ஆட்டுத்தொடை கரிக்கட்டையாப் போயிருக்கும்."

"அவ பேசட்டும்னு இருக்கேன்."

"நாப்பத்தாறு வருஷம் கழிச்சு எந்திரிச்சிருக்கா. அடுத்த தடவை எப்பவாம்?"

மூன்று ஞாயிறு இப்படிப் போயிற்று. நாலாவது ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு லெட்டிஸ் கையுறைகளைக் கழற்றினார். எழுந்தார். பெல்லாகூட மூச்சை அடக்கிக்கொண்டாள். லெட்டிஸ் குனிந்து, மடியில் கிடந்த ஆம்புரோஸின் கையைத் தூக்கிக் குலுக்கினார்.

"போதும்யா. பசிக்குது."

கூட்டம் முடிந்த பிறகு சொன்னதால் அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. அதற்கப்புறம் கையை நீட்டியது லெட்டிஸ்தான். ஆம்புரோஸ் ஒருபோதும் நீட்டவில்லை.

எழுபத்து மூன்றில் லெட்டிஸ் இறந்தார். இறந்தவரைப் பற்றிச் சபைக் குறிப்பேட்டில் எழுதுவது எங்கள் வழக்கம். அந்த வேலை என்னிடம் வந்தது. எழுதியதை ஆம்புரோஸிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"'கூட்டத்தில் பேசியதில்லை'ன்னு எழுதியிருக்கியே ஜோயல். பேச எந்திரிச்சா. அதை எழுது. நான் தடுத்தேன், அதையும் எழுது."

"கை குடுத்தது தான்தான்னு லெட்டிஸ் சொன்னாளே. நானும் கேட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"அப்படின்னா அவ சொன்னபடியே எழுது," என்றார்.

அடித்துவிட்டுத் திருத்தினேன். 'ஒருமுறை பேச எழுந்தார். கணவர் கையை நீட்டினார், இவர் கொடுத்தார்.' அடுத்த கூட்டத்தில் அதைப் படித்தேன். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஆம்புரோஸின் பக்கத்து இடம் காலியாக இருந்தது. பதினொன்றரைக்கு பெல்லா எழுந்து வந்து அங்கே உட்கார்ந்தாள். கையை நீட்டினாள்.

அவர் கொடுத்தார்.