தெண்டி வந்த சனிக்கிழமை

காலை 5.10. கல்மண்டபத்தில் என் கடை வாசலிலிருந்து புறப்பட்டோம், நானும் மருமகன் ஜெபினும். இரண்டு தூண்டில் கம்பு, ஒரு பிளாஸ்டிக் வாளி, பிளாஸ்கில் காபி. போகும் இடம் எண்ணூர்க் கடற்கரை, சுமார் பதிமூன்று கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நானூறு கேட்டார். முந்நூற்றைம்பது என்றேன், உடனே சரி என்றுவிட்டார். இவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்தவர் முந்நூறுக்கே வந்திருப்பாரே என்று எர்ணாவூர் வரை எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குளச்சல் பக்கம் பிறந்தவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பதினாறு வயதில் ஒரு மாற்றுச் சட்டையோடு ராயபுரத்தில் வந்து இறங்கினேன். லாரிக்குக் கட்டும் கயிறும் தார்ப்பாயும் விற்றுத்தான் இன்று சொந்தக் கட்டிடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். துறைமுகச் சாலையில் போகும் லாரிகளில் பாதி என் கடைக் கயிற்றால் கட்டியவை. இறங்கிய நாளிலிருந்து யாரிடமும் கை நீட்டியதில்லை. யாரையும் சட்டென்று நம்பியதும் இல்லை. நான் முன்னுக்கு வந்தது இந்த இரண்டாலும்தான்.

மருமகன் வேறு மாதிரி. மார்த்தாண்டத்துக்காரர், பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். விடுமுறைக்கு வந்தவருக்குக் கடல் மீன் பிடித்துக் காட்டுகிறேன் என்று நான்தான் கூப்பிட்டேன். புறப்படும்போது மகள் ஷீபா வாசல் வரை வந்தாள்.

"அப்பா, அவியளுக்கு நீச்ச தெரியாது. முட்டுக்கு மேல தண்ணில இறக்கிராதிய."

"கடலு பாக்க எனக்கே சொல்லித் தாறியா மக்ளே? போன மாதிரியே கொண்டு வந்து விடுதேன்" என்றேன். வாக்குக் கொடுத்தாயிற்று.

5.25. காசிமேட்டில் இரைக்கு இறால், அரைக் கிலோ நூற்றிருபது ரூபாய். ஐஸில் வைத்த பழைய சரக்கோ என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். விற்ற அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னா நைனா, எறாவ இந்த மோப்பம் புடிக்கிற? கொயம்புக்கா, மீனுக்கா?"

"மீனுக்குத்தான்."

"மீனே மோந்து பாக்காது. துன்னுட்டுப் பூடும்."

5.50. திருவொற்றியூர் தாண்டினோம். இடது பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. வலது பக்கம் சாலையை ஒட்டியே கடல். அரிப்பைத் தடுக்கக் கருங்கல்லைக் கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கிறார்கள். அரசாங்கம் அதைத் தூண்டில் வளைவு என்கிறது, அங்கே இருப்பவர்களுக்கு அது வெறும் கல். ஜெபின் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"மாமா, அலை அரை மீட்டர்தானாம். காத்து மேக்கேருந்து. பச்சைக் கலர் போட்டிருக்கு."

"பச்சைக் கலர் போட்டவன் எங்க உக்காந்து போட்டானாம்?"

அதற்கு ஆப்பில் பதில் இல்லை.

6.15. எர்ணாவூர் தாண்டி ஒரு குப்பத்தின் ஓரம் இறங்கினோம். வடக்கே அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள். அந்தப் புகையைத்தான் முதலில் பார்த்தேன். கடல் பக்கம் சாய்ந்திருந்தது. தரைக்காற்று என்றால் அலை எழும்பாது. மணலில் ஈரக்கோடு எங்கே இருக்கிறது, நுரை எவ்வளவு ஏறுகிறது, தண்ணீர் கலங்கலா தெளிவா, எல்லாம் பார்த்தேன். எங்கள் குளச்சலில் ஆடி மாதக் கடல் கரையை அதிர வைக்கும். இங்கே அதே ஆடியில் தட்டில் ஊற்றிய தண்ணீர்போலக் கிடந்தது. ஆட்டோக்காரர், இறால்காரம்மா, ஆப் என்று எல்லோரையும் சந்தேகப்பட்ட நான், கடலை மட்டும் ஒரே பார்வையில் நம்பிவிட்டேன்.

அங்கேயும் கடலுக்குள் நீண்டிருந்த கல்லுக்குத் தெற்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். கல்லை ஒட்டிப் பத்தடி அகலத்தில் அலை உடையாமல் தண்ணீர் கறுத்திருந்தது. ஊரில் அலை உடையாத வழி பார்த்துத்தான் வள்ளத்தை இறக்குவார்கள். ஆழம் உள்ள இடம், மீனும் அங்கேதான் நிற்கும் என்று மருமகனுக்கு விளக்கினேன்.

அப்போதுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது. கரையில் ஏற்றி வைத்த ஃபைபர் படகின் ஓரத்தில் இரண்டு பேர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அவர்களைத் தாண்டும்போது ஒருவர் சொன்னார்:

"பாத்தியா மாமே, தெண்டி வந்துட்ச்சி."

"காலங்காத்தாலயேவா!" என்று மற்றவர் சிரித்தார்.

எங்கள் குமரி மாவட்டத்தில் தெண்டி என்றால் பிச்சைக்காரன். சாதாரணமாகச் சொல்லும் சொல் அல்ல, சட்டையைப் பிடிக்க வைக்கும் சொல். லாரிக் கயிறு விற்றே ஐம்பது வருடம் போயிற்று. இந்தப் பக்கத்துக் கடல்காரர்கள் பேச்சை நான் கேட்டவன் இல்லை. பழைய வேட்டியையும் வாளியையும் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டேன். ஜெபினுக்கும் கேட்டுவிட்டது. அவர் மணலையே பார்த்துக்கொண்டு நடந்தார். அது எனக்கு இன்னும் சுட்டது.

6.40. முதல் வீச்சு. நேரே கிழக்கே எறிந்த ஈயக்குண்டு ஐந்து நிமிடத்தில் வடக்கே நகர்ந்து கல்லில் போய்ச் சிக்கியது. தூண்டில் நரம்பு அறுந்தது. இரண்டாவதும் அப்படியே. குண்டு கனம் போதாது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றேன்.

7.05. தெண்டி என்று சொன்ன அந்த மீனவர் எழுந்து வந்தார். அந்தோணி என்று பேர், ஐம்பது வயதிருக்கும்.

"நைனா, கல்லுக்கு இந்தாண்ட நிக்காத. தெண்டி நைனா, அந்தாண்ட போயிடு."

முகத்துக்கு நேரே சொல்கிறாரே! மருமகன் முன்னால் சண்டை வேண்டாம் என்று பல்லைக் கடித்தேன். இவருக்கு இந்த மடுவின் மீன் வேண்டும், அதற்காகத்தான் என்னைக் கிளப்புகிறார் என்றும் தோன்றியது.

"நான் எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

"ஐய, சொன்னா கேளு நைனா, பேஜாராயிடும்" என்று முனகிக்கொண்டே போனார். ஆனால் படகுக்குத் திரும்பவில்லை. கல் மேலேயே நின்றார். என் வாளியை எட்டிப் பார்க்க நிற்கிறார் என்றுதான் நினைத்தேன்.

7.20. மூன்றாவது குண்டும் சிக்கியது. "நான் எடுத்துத் தாறேன் மாமா" என்று ஜெபின் இறங்கிவிட்டார். கல்சில்லு குத்தும் என்று செருப்போடே இறங்கினார். "முட்டுக்கு மேல போகாதிய" என்றேன். முட்டளவுதான் இருந்தது. இரண்டடி வைத்தார், காலடி மணல் போயிற்று. இடுப்பு, அப்புறம் மார்பு. அலை ஒன்றும் வந்து அடிக்கவில்லை. யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போவதுபோலச் சத்தமே இல்லாமல் கல்லோரமாகவே கடலுக்குள் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தபடியே போனார். வாயில் தண்ணீர், கூப்பிட முடியவில்லை.

நான் அந்தோணியைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினேன். "ஐயா, காப்பாத்துங்கய்யா, என் மகளுக்கு மாப்பிள்ளை ஐயா" என்று அலறினேன்.

அவர் அதற்கு முன்பே ஓடத் தொடங்கியிருந்தார். வலைக்கு மிதவையாகக் கட்டும் வெள்ளைக் கேன் ஒன்று கல் மேல் கிடந்தது, அதைக் கயிற்றோடு வீசினார்.

"கேனப் புடி! கல்லப் புடிக்காத, தோலு உரிஞ்சிடும்! கேனு, கேனு!"

இரண்டாவது வீச்சில் ஜெபின் பிடித்துவிட்டார். படகில் இருந்தவரும் ஓடி வர, மூன்று பேராக இழுத்தோம். எட்டு எம்எம் நைலான். அந்த நேரத்திலும் என் கைக்கு அது தெரிந்தது. அறுந்துவிடுமோ என்று அந்த ஒரு முறைதான் ஒரு கயிற்றைக் கும்பிட்டேன்.

7.40. கல் மேல் படுக்க வைத்தோம். குடித்த தண்ணீரை எல்லாம் கக்கினார். முட்டியில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. ஒரு செருப்பு காலில் இருந்தது. மற்றது கல்லின் முனை வரை மிதந்து போய், அங்கே திரும்பி, வடக்குப் பார்த்து வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தோணி அதைக் காட்டினார்.

"பாரு, அதான் தெண்டி."

"எது?"

"தண்ணி ஓட்டம் நைனா. தெக்கேர்ந்து வடக்கால ஓடுனா தெண்டி, வடக்கேர்ந்து வந்தா வன்னி. தெண்டில தண்ணி இந்தக் கல்லுல முட்டி, வெளிய இஸ்துகினு பூடும். அல ஒடையாம கறுப்பா கீதே, அதான் அது போற வயி. அந்தாண்ட போன்னு எத்தினி தபா சொல்றது?"

ஜெபின் படுத்தபடியே சிரிக்கத் தொடங்கினார். இருமலும் சிரிப்புமாக, "மாமா, அவரு உங்கள சொல்லல்ல" என்றார். நான் என்ன நினைத்தேன் என்பதை அவர்தான் எடுத்துச் சொன்னார். அந்தோணி வாயைப் பிளந்தார்.

"பிச்சக்காரன்னா நென்ச்சே? என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா இன்னா நைனா கொறஞ்சிட்டிருப்ப?"

நனைந்த கயிற்றைச் சுருட்டி அவரிடம் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டே சொன்னார்: "தண்ணில எறங்கறதுக்கு முன்ன எதனா ஒண்ண மெதக்க வுட்டுப் பாரு. அது எங்க போவுதோ அங்கதான் நீயும் போவே."

மிச்ச இறாலை வீட்டுக்குக் கேட்டார். வாளியோடு கொடுத்தேன். இதற்காகத்தான் ஓடி வந்தாரோ என்று ஒரு நொடி மனது போனது. உண்மையை எழுதுகிறேன், போனது. பிறகு அந்த மனதை நானே காறித் துப்பினேன்.

8.30. திரும்பும் ஆட்டோ நானூறு கேட்டது. பேரம் பேசவில்லை. வழியெல்லாம் குளச்சல் கடலை நினைத்துக்கொண்டு வந்தேன். அது கத்தும், வராதே என்று மிரட்டும். எண்ணூர்க் கடல் வா என்றும் சொல்லாது, போ என்றும் சொல்லாது. கல்லோரம் கறுத்துப் படுத்திருக்கும். அதன் பேச்சு தெரிந்தவர் சொன்னபோது, சொல்லை விட்டுவிட்டுச் சொன்னவர் முகத்தில் சூது தேடிக்கொண்டிருந்தேன்.

9.20. ஷீபா வாசலிலேயே நின்றாள். ஜெபினின் நனைந்த சட்டையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள்.

"ஒரு செருப்பு எங்க?"

"தெண்டி கொண்டு போயிட்டு" என்றார் ஜெபின்.

"எந்தத் தெண்டி? ஒத்தச் செருப்ப வச்சு அவன் என்ன செய்வான்?"

ஜெபின் என்னைப் பார்த்தார். சொல்வதற்கு வழியிலேயே மூன்று பொய் தயார் செய்து வைத்திருந்தேன். மூன்றும் நல்ல பொய்கள்.

"அங்க ரெண்டு தெண்டி உண்டு மக்ளே" என்றேன். "ஒண்ணு செருப்பக் கொண்டு போச்சு. இன்னொண்ணு கரையில நின்னு உன் மாப்பிள்ளைக்காகக் கை நீட்டிச்சு. அது உங்கப்பன்."