கிருஷ்ணப்பன் இலையில் ஒப்பட்டு

கல்யாண மண்டபத்துக்கு இன்னும் இரண்டு நிறுத்தம் இருக்கும்போதே கிருஷ்ணப்பன் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவான். மேலே கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, இடுப்பில் கரை வேட்டி, காலில் கம்பெனியில் கொடுத்த சேஃப்டி ஷூ. முனையில் இரும்பு வைத்த அந்த ஷூவோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, லாரிப் புழுதியில் விசுக்கு விசுக்கென்று நடப்பான். மண்டபம் வந்ததும் ஓரமாக நின்று மஞ்சள் பையிலிருந்து செருப்பை எடுத்து மாட்டிக்கொள்வான். ஷூ பைக்குள் போகும். பை வாசல் வாழை மரத்துக்குப் பின்னால் போகும். அப்புறம்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வந்துட்டன், வந்துட்டன்" என்று உள்ளே நுழைவான்.

"செருப்புலயே நடந்தா ஆகாதா?" என்று பெண்டாட்டி சம்பங்கி ஒரு நாள் கேட்டாள்.

"காலு கனமா இருந்தாத்தான் சீக்கிரம் எளைக்கும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கே தோணிச்சு."

ஓசூரில் வண்டிக்கு உதிரிபாகம் அடிக்கிற கம்பெனியில் பிரஸ் மிஷினில் நிற்கிறவன் அவன். ஐம்பது வயது ஆகப்போகிறது. ஆனால் சொந்தபந்தத்துக்குத் தெரிந்த கிருஷ்ணப்பன் பந்திக்காரன். யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை, யாரை முதல் பந்தியில் உட்கார வைக்காவிட்டால் மூன்று வருஷத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், எந்தப் பெரியப்பாவுக்கு எந்தச் சித்தி எதிரில் இலை போடக்கூடாது, எல்லாம் அவனுக்குத் தெரியும். கடைசிப் பந்தியில் அவன் உட்கார்ந்தால் சமையல்காரரே வெளியே வந்து வேடிக்கை பார்ப்பார். பருப்பும் வெல்லமும் பூரணமாக வைத்துத் தட்டிய ஒப்பட்டு என்றால் அவனுக்கு உயிர். "நாலு வரைக்கும் ருசி பாக்கறது. அஞ்சாவதுல இருந்துதான் சாப்பாடு" என்பான். பிள்ளைகள் இலைக்கு எதிரில் குந்திக்கொண்டு எண்ணும்.

அப்பேர்ப்பட்டவன்தான் இந்தக் கோடையில் இலையில் சோற்றைக் கோலம் போட்டுவிட்டு எழுந்து போகிறான்.

காரணம் பேரிகையில் இருக்கிறாள். அவனுடைய அக்கா மாரம்மா. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தரம் ஓசூருக்கு வந்து, கையில் ஊசி குத்திக்கொண்டு, ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு போகிறாள். கூடப் பிறந்தவர்கள் யாராவது ஒன்று கொடுத்தால் நல்லது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே அவள் எல்லார் வாயையும் அடைத்துவிட்டாள். "என் தம்பிய அறுத்து நான் பொழைக்கணுமா? அந்தப் பேச்சே எடுக்காதீங்க."

 அடுத்த வாரம் கிருஷ்ணப்பன் சம்பங்கியைக் கூட்டிக்கொண்டு தானே போய் எல்லாப் பரிசோதனையும் கொடுத்தான். எல்லாம் பொருந்தி வந்தது, உடம்பைத் தவிர. "இந்த எடையோட உங்க மேல கத்தி வெக்க முடியாது. எளைச்சிட்டு ஆடி மாசம் வாங்க" என்று அனுப்பிவிட்டார் டாக்டர். முதலில் உடம்பைத் தயார் பண்ணுவோம், அக்காள் காலில் அப்புறம் விழுவோம் என்று அவன் கணக்குப் போட்டான்.

கணக்கு சரிதான், காலம்தான் சரியில்லை. சித்திரை பிறந்தால் கல்யாணம், காதுகுத்து, புது வீடு, மாரியம்மன் பண்டிகை, கெடா வெட்டு. அவன் போகாமல் பந்தி நடக்காது. போனால் விடமாட்டார்கள். "ஊட்டா மாடப்பா" என்று கன்னடத்தில் சாப்பிடச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கிற கெலமங்கலத்து மாமியிடம், பல் பிடுங்கியிருக்கிறது என்றான். தெலுங்கு பேசும் சூளகிரிப் பங்காளிகளிடம் விரதம் என்றான். கம்பெனிக் கூட்டாளிகளிடம் வாயுத் தொந்தரவு என்றான். மாம்பழ மண்டி கௌஸ் மொய்தீன் வருஷா வருஷம் கொடுக்கிற பெட்டியைத் திறந்து, ஒரு பழத்தை எடுத்துக் கண்ணை மூடி மோந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான். "பழத்த மோந்துட்டுக் குடுக்கற மொத ஆளு நீங்கதாண்ணே" என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டில் சம்பங்கி களியுருண்டையைப் பாதியாகக் கிள்ளித்தான் வைக்கிறாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவளுக்கும் இறங்குவதில்லை. "நீ எளைக்கறதுக்குள்ள நான் எளைச்சிருவன் போல" என்பாள்.

அட்டகுறுக்கி கல்யாணத்தில் மாமியும் பங்காளிகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். பேச்சு வாக்கில் பல்லும் விரதமும் எதிரும் புதிருமாக வந்து நின்றன. "பல்லு புடுங்கனவனுக்கு என்னாத்துக்குடா விரதம்?" என்று பங்காளி சென்னப்பன் கேட்க, பந்தியே சிரித்தது. சிரித்து முடித்த பிறகு எல்லார் கண்ணும் அவன் தொடாத இலைக்குப் போயிற்று. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கை நனைக்காமல் எழுந்து போகிறவன் பகைக்காரன். கிருஷ்ணப்பனுக்கு எல்லார் மேலும் என்னவோ கோபம் என்ற பேச்சு, அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் பேரிகைக்குப் போய்விட்டது.

ஆனி மாதம் மாரம்மாவின் மகள் அனுப்ரியாவுக்கு நிச்சயம். தாய்மாமன் முதல் பந்தியில், மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும். கிருஷ்ணப்பன் பாயில் உட்கார்ந்தான். யாரோ ஒரு ஒப்பட்டை வைத்து நெய்யை ஊற்றிவிட்டுப் போனார்கள். அதை அவன் இலையின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தபோது மாரம்மா தட்டோடு வந்தாள். ஊசி குத்தி வீங்கிய இடது கையை முந்தானையில் மறைத்திருந்தாள். அம்மா போனதிலிருந்து எந்தப் பண்டிகையிலும் தம்பி இலைக்கு அவள்தான் ஒப்பட்டு வைப்பாள்.

குனிந்து, மற்றவர் காதில் விழாமல் கேட்டாள். "ஊரார் ஊட்லதான் கை நனைக்கல. எங்கூட்லயுமாடா?"

"பல்லுக்கா…"

"எந்தப் பல்லு? காட்டு."

காட்டினான். அத்தனையும் இருந்தன. மாரம்மா சிரிக்கவில்லை. சட்டை மேலே ஏறி, அவனுடைய பச்சை பெல்ட் தெரிந்தது. ஆணியால் குத்திய புது ஓட்டைகள் வரிசையாகப் போயிருந்தன. மிச்ச வார் முதுகுவரைக்கும் சுற்றிக்கொண்டு போயிற்று. 

"கிருஷ்ணா, உனக்கும் அந்த நோவு வந்திருச்சா?"

இந்தப் பயத்தோடு அவளை அங்கே நிற்க வைக்க அவனால் முடியவில்லை. ஆடி வரைக்கும் காத்திருக்கிற கணக்கெல்லாம் போயிற்று. இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நோவில்லக்கா. டாக்டர் எளைச்சிட்டு வரச் சொன்னாரு. எளைச்சாத்தான் எடுப்பாங்களாம்."

மாரம்மா நிமிரவில்லை. "வேணாம்னு சொன்னன் இல்ல?"

"நீ சொன்ன. நான் கேக்கல."

பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் அப்பா ரசத்துக்குக் குழி வெட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தார். "என்ன சம்பந்தி, தம்பி இலையிலயே நின்னுட்டீங்க? எங்களுக்கெல்லாம் ஒப்பட்டு இல்லீங்களா?"

"இதோ வர்றங்க" என்றாள் மாரம்மா.  தட்டைத் தரையில் வைத்தாள். தம்பியின் இலை ஓரத்தில் நெய் சொட்டிக்கொண்டிருந்த ஒப்பட்டை இரண்டு விரலால் எடுத்து, அவன் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்தாள். கோசம்பரி வாளியைப் பக்கத்தில் இழுத்து, இரண்டு கரண்டி வெள்ளரிக்காயை அந்த இடத்தில் குவித்தாள்.