எலிப் பசை, நாய்ச் சங்கிலி, பிரேக் கேபிள்

ஹாட்வெயார் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவளுக்கு, யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, யார் வீட்டுக் கதவுக்குப் புதுப் பூட்டு வருகிறது என்பதெல்லாம் ஊருக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். கினிகத்தேனையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துக் கடையில் பதினோரு வருசமாக நிற்கிறேன். காலையில் வட்டவளையிலிருந்து பஸ் ஏறி வந்து, ஆணி நிறுத்து, கம்பி வெட்டி, பெயின்ட் கலக்கி, சாயந்தரம் வீங்கிய காலோடு திரும்புகிறவள். கடையில் நின்று பழகிய உங்களுக்கு இந்தக் கால் வலியும் தெரியும், கேட்காமலே நம்மிடம் வந்து சேரும் கதைகளும் தெரியும். என்னிடம் சேர்ந்தவற்றில் பாதிக்கு மேல் நாயும் எலியும் கோழியும் வருகிற கதைகள்தான்.

தூங்காதவர்

பரமேஸ்வரி அக்கா எங்கள் வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். லயத்து வரிசையில் அவர் வீட்டுக் காம்பராவில் எலி புகுந்து மாப் பையை ஓட்டை போட்டுவிட்டது. மருந்து வைத்தால் செத்த எலியைப் பூனை தின்றுவிடும் என்று பயந்தார். அதனால் எலிப் பசை அட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் நான் கடையைத் திறக்கும்போதே வாசலில் நின்றார். கையில் ஒரு தட்டு, தட்டின் மேல் பேப்பர். பேப்பரை எடுத்தால், விரல் நீளத்துக்கு ஒரு குட்டி எலி. வயிறு முழுக்கப் பசையில். வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

“கொல்லவும் முடியல, பாக்கவும் முடியல. நீதான குடுத்த, நீயே எடு சுமதி” என்றார்.

கடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். தேங்காய் எண்ணெயைப் புது பெயின்ட் பிரஷ்ஷில் தொட்டுத் தொட்டு, முதலில் ஒரு கால், பிறகு இன்னொரு கால், கடைசியில் வால் என்று பிரித்தெடுத்தோம். அரை மணி நேரம் போயிற்று. விடுபட்டதும் அது கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டு இருந்தது. பிறகு நேராக எங்கள் கடைக்குள்ளேயே ஓடி பெயின்ட் டின்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. முதலாளிக்கு இதை நான் இன்றுவரை சொல்லவில்லை. அக்கா ஒரு கம்பிக்கூட்டுப் பொறியை வாங்கினார். மாட்டுகிற எலியை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். கிளம்பும்போது கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர் சொன்னது:

“எலிக்குத்தான் பசை போட்டேன். ராத்திரி பூரா ஒட்டிக்கிட்டுக் கிடந்தது நான்தான்.”

ஆணித் தராசு

பண்டா மஹத்தயா சந்தியில் மரக்கறி விற்கிறவர். சிங்களம் பாதி, தமிழ் பாதி கலந்து பேசுவார்; எங்களுக்கு அவர் மஹத்தயா, அதாவது ஐயா; அவருக்கு நான் நங்கி, அதாவது தங்கச்சி. ஒரு நாள் வந்து, கடையில் இருப்பதிலேயே பெரிய சங்கிலியைக் கேட்டார். வீட்டுக்குக் காவல் நாய் வந்திருக்கிறதாம். “நாய் எங்கே?” என்றேன். தோளில் தொங்கிய பையைத் திறந்து காட்டினார். உள்ளே லீக்ஸ் கட்டுக்கு நடுவில், கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு குட்டி. பிறந்து இரண்டு மாதம்கூட இருக்காது.

ஆணி நிறுக்கிற தராசின் ஒரு தட்டில் சங்கிலியை வைத்தேன், மறு தட்டில் குட்டியை வைத்தேன். குட்டி மேலே போய்விட்டது. அங்கே உட்கார்ந்தபடி எல்லோரையும் பார்த்து வாலை ஆட்டியது. கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் மெல்லிய நாடா ஒன்றும் தண்ணீர் வைக்க ஒரு கிண்ணமும் வாங்கினார். குட்டியைப் பையில் போடாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

“நங்கி, நான் நாய்க்கு சங்கிலி வாங்க வந்தது. நல்ல நேரம், இல்லாட்டி சங்கிலிக்கு நாய் கட்டியிருக்கும்!”

ஆறு கூடுகள்

முதலாளி ஒருமுறை கொழும்பிலிருந்து ஆறு கிளிக்கூடுகள் கொண்டுவந்து வாசலில் தொங்கவிட்டார். மாதக்கணக்கில் மழையிலும் பனியிலும் ஆடின. கிளியை அடைக்க யாரும் வாங்கிவிடக் கூடாதே என்று எனக்கு உள்ளுக்குள் வேண்டுதல். ஒரு நாள் தையல்கார ஸ்டெல்லா டீச்சர் வந்து ஒன்றல்ல, இரண்டு கேட்டார். தையல் பழக்குவதால் அவருக்கு டீச்சர் என்று பெயர். எனக்கு முகம் வாடிவிட்டது. “என்ன கிளி டீச்சர்?” என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

“கிளியா? அடித்தட்டக் கழட்டிட்டுக் கொத்தமல்லிப் பாத்தி மேல கவுக்கப் போறேன். கோழி வெளிய திரியட்டும், கொத்தமல்லி உள்ள இருக்கட்டும்.”

பைக் இல்லாதவர்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

சின்னையா அண்ணன் தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். தேயிலைக்குக் கீழே, ஓடை ஓரமாக வற்றாளைக் கிழங்கு போட்டிருந்தார். மாதம் ஒருமுறை வந்து இரண்டு மீட்டர் பிரேக் கேபிள் வாங்குவார். “பைக்குக்கு” என்பார். குடையை விரித்துக்கொண்டு நடந்து வருவார், நடந்தே போவார். அவரிடம் பைக் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் கிழங்கைக் காட்டுப் பன்றி தோண்டுகிறது என்பதும் தெரியும். அந்தக் கேபிள் கண்ணியாகப் போகிறது என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. ஆனாலும் வெட்டிக் கொடுத்தேன். பிரியாமல் இருக்க நுனியில் சிவப்பு டேப்பும் சுற்றிக் கொடுத்தேன்.

ஒரு மத்தியானம் மழையில் நனைந்தபடி ஓடி வந்தார். “தங்கச்சி, கம்பி வெட்டுற பெரிய கட்டர் இருக்கா?”

“எதுக்கு அண்ணே?”

“ரோசி மாட்டிக்கிச்சு.”

ரோசி அவர் வளர்க்கும் நாய். அவர் மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் அவருக்கு இருக்கும் ஒரே துணை. இரண்டு நாளாகக் காணாமல் தேடியிருக்கிறார். கடைக் கட்டரை எடுத்துக்கொண்டு அவரோடு ஓட்டோவில் ஏறினேன். ஓடைப் புதருக்குள் ரோசி படுத்திருந்தது. முன்னங்காலில் கம்பி எலும்புவரை இறங்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் அது குரைக்கவில்லை, அவர் கையை நக்கியது. அவர் தலையைப் பிடித்துக்கொள்ள, நான் வெட்டினேன். கையில் வந்த கம்பியின் நுனியில் சிவப்பு டேப் இருந்தது. நான் சுற்றியதுதான்.

மிருக வைத்தியர் அந்தக் காலை எடுக்க வேண்டியதாயிற்று. ரோசி பிழைத்துக்கொண்டது. மூன்று நாள் கழித்து சின்னையா அண்ணன் கடைக்கு வந்து, ஒன்பது கண்ணிகளைக் கவுண்டரில் போட்டார். ஓடை ஓரத்தில் வைத்திருந்த எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டாராம். நான் தலை நிமிரவில்லை. அவர் கோபப்படவும் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்:

“பைக் இல்லாதவனுக்கு கேபிள் வெட்டிக் குடுத்தீங்களே தங்கச்சி, ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே.”

ஹாரன்

அதற்குப் பிறகு நான் கேட்கத் தொடங்கினேன். பசை அட்டையா? எதற்கு, கூட்டுப் பொறி தரட்டுமா? கேபிளா? எந்த வண்டிக்கு? முதலாளி இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், “இது கடையா, பொலிஸா?” என்று கத்தினார். நான் ரோசியின் கதையைச் சொன்னேன். அவர் உள்ளே போனார். அன்று சாயந்தரம், கடைக்கூரை மாற்றியபோது கழற்றிய பழைய தகரங்களை லொறியில் ஏற்றி சின்னையா அண்ணனுக்கு அனுப்பினார். வேலி அடித்தாயிற்று. பன்றிகள் இன்னும் ஒரு மூலையால் நுழைகின்றனவாம், ஆனால் முக்கால்வாசிக் கிழங்கு வீட்டுக்கு வருகிறது. பசை அட்டைகளையும் முதலாளி மறுபடி எடுப்பிக்கவில்லை.

போன வாரம் பொல்பிட்டியவிலிருந்து ஒருவர் பிரேக் கேபிள் கேட்டார். “பைக் எங்கேங்க?” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், முதலாளி மேலே கூரையைப் பார்த்தார். வந்தவர் என்னை வாசலுக்கே கூட்டிப்போய், சேறு படிந்த தன் பைக்கின் சீட்டைத் தட்டிக் காட்டினார்.

“இந்தா இருக்கு, தொட்டுப் பாருங்க தங்கச்சி. போதாதுன்னா ஹாரனும் அடிச்சுக் காட்டுறேன்.”

பதினோரு வருசம் நின்றதில் எனக்குக் கிடைத்த பெயர் என்னவென்றால், கேபிள் கேட்டு வருகிறவர்கள் இப்போது முதலில் கதவோரம் எட்டிப் பார்த்து, கவுண்டரில் நான் இருந்தால் “நாளைக்கு வாறோம்” என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போகிறார்களாம்.