டீசல் காருக்கு ஒரு டம்ப் வால்வு

என் டீசல் காருக்கு மாப்பிள்ளை டம்ப் வால்வு வாங்கி வந்துவிட்டார். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டர்போ காற்றைப் 'புஸ்' என்று வெளியே விடும்.

அது பெட்ரோல் காருக்கான சாமான். என் டீசல் என்ஜினில் காலை எடுத்தாலும் காற்றுவழி மூடாது; அதனால் இந்த வால்வுக்கு வேலையே இல்லை, வெறும் சத்தம்தான். பிரித்துப் பார்த்துக் கற்றவன் நான்.

இன்று ஒர்க் ஷாப்பில், கூட வந்த மாப்பிள்ளைக்குக் கேட்காமல், மெக்கானிக்கிடம் இதை மெதுவாகச் சொன்னேன்.

"சரிதானுங்க. மாப்பிள்ளைகிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க" என்றார்.

அதற்குள் மாப்பிள்ளை, "ஏனுங் மாமா, மாட்டீரலாமுங்களா?"

யாருக்கும் விட்டுக்கொடுக்காத என் வாயிலிருந்து, "உங்க இஷ்டமுங்க மாப்பிள்ளை" என்று வந்தது.

மாலையில் மனைவியோடு காரமடை போனேன். வழியெல்லாம் புஸ்.

"மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்ததாச்சே! இன்னொருக்கா விடுங்க" என்றாள்.

விட்டேன்.

மாப்பிள்ளையிடம் 'வேண்டாம்' என்று சொன்ன மாமனார் யாரேனும் இருந்தால், எப்படிச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள்.